அம்மாவுக்குக் காலைப் பசியாறியது மறக்கிறது, கான்பரா சாலை மறக்கவில்லை: நினைவு உயிரணுக்களில் எப்படித் தங்குகிறது?

ஈசூன்மகள்
அனைவருக்கும் வணக்கம். இந்தக் குழுவில் அறிவியல் படித்தவர்கள் சிலர் இருப்பதால் இங்கே கேட்கிறேன்.

அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. காலையில் அப்பம் சாப்பிட்டுவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து "இன்னும் பசியாறவே இல்லையே" என்கிறார். ஆனால் சிறுவயதில் சிங்கப்பூரின் செம்பவாங் கடற்படைத் தளத்தில், கான்பரா சாலைப் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டில் யார், எதிர்வீட்டில் யார், யார் அப்பா எந்த வேலை பார்த்தார் என்று இன்றைக்கும் வரிசையாகச் சொல்கிறார். 1971ல் பிரிட்டிஷ்காரர்கள் கிளம்பியபோது சாமான்களை ஏலம் விட்டார்களாம். அதில் தாத்தா வாங்கிய மேசையின் நிறம்கூட நினைவிருக்கிறது.

முதுமை மறதியின் தொடக்கமாக இருக்கலாம் என்று மருத்துவர் சொன்னார். நிபுணரைப் பார்க்கத் தேதி கிடைத்திருக்கிறது. அண்ணனோ, "அறுபது வருஷத்துக் கதை ஞாபகம் இருக்கு, அப்பம் தின்னது மட்டும் ஞாபகம் இல்லையா? பிடிவாதம்" என்று கோபப்படுகிறார். அம்மா அழுகிறார்.

வல்லாரை சாப்பிடுங்கள், குறுக்கெழுத்துப் போடுங்கள் என்பதெல்லாம் நிறையக் கேட்டாயிற்று. எனக்குத் தெரிய வேண்டியது, மூளைக்குள் உயிரணு அளவில் என்ன நடக்கிறது என்பது. அண்ணனிடம் உட்கார்ந்து பேச எனக்கு அது தேவை.

கென்ட்ரிட்ஜ் மாணவன்
அக்கா, நான் நரம்பியலில் முனைவர் பட்டத்துக்குப் படிப்பவன். மருத்துவன் இல்லை என்பதால் அம்மாவின் உடல்நிலை பற்றி நான் கருத்துச் சொல்வது சரியாகாது. ஆனால் அண்ணனின் கேள்விக்கு அறிவியலில் பதில் இருக்கிறது. அதுவும் பழைய பதில்.

1953ல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்ற இளைஞருக்குக் கடுமையான வலிப்பு நோய். ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர் அவருடைய மூளையின் இரு பக்கமும் காதுக்கு நேர் உள்ளே இருக்கும் பகுதியை எடுத்துவிட்டார். அங்கே உள்ள ஹிப்போகாம்பஸ் என்ற உறுப்பின் பெரும்பகுதி அதோடு போயிற்று. வலிப்பு குறைந்தது. ஆனால் அதன் பிறகு நடந்த எதுவும் அவர் மனத்தில் தங்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் பல்லாண்டு அவரைச் சோதித்தார். ஒவ்வொரு முறையும் அவருக்கு மில்னர் புது ஆள்தான். அதே மனிதருக்குச் சிறுவயது நினைவுகள் பெரும்பாலும் அப்படியே இருந்தன. 2008ல் அவர் இறக்கும்வரை நிலைமை மாறவில்லை.

அதாவது புது நினைவை உருவாக்க ஹிப்போகாம்பஸ் கட்டாயம் வேண்டும். காலப்போக்கில் ஊறிய நினைவு மூளைப் புறணியில், அதாவது மூளையின் வெளி அடுக்கில், பரவலாக ஊன்றிவிடுகிறது. ஆல்சைமர் வகை மறதி முதலில் தாக்குவது ஹிப்போகாம்பஸையும் அதற்கு வாசலாக இருக்கும் பகுதியையும்தான். இன்றைய அப்பம் தங்காமல் பழைய குவார்ட்டர்ஸ் தங்குவதில் பிடிவாதம் எதுவுமில்லை. அந்த நோயின் இயல்பே அதுதான்.

இனி உயிரணுவுக்கு வருவோம். நம் மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள். ஒன்று அடுத்ததோடு பேசும் இடம் சினாப்ஸ். இடையில் நூலிழையை விடப் பல்லாயிரம் மடங்கு மெல்லிய இடைவெளி. இந்தப் பக்கத்திலிருந்து குளூட்டமேட் என்ற வேதிப்பொருள் வெளியே வரும். அந்தப் பக்கத்தில் அதை வாங்க இரண்டு வகை ஏற்பிகள் காத்திருக்கும். ஆம்பா ஏற்பி குளூட்டமேட் பட்டவுடன் திறந்துகொள்ளும். என்எம்டிஏ ஏற்பி அப்படியல்ல. அதன் துளையில் ஒரு மக்னீசியம் அயனி அடைத்துக்கொண்டு நிற்கும். குளூட்டமேட் வந்தால் மட்டும் போதாது, அந்தச் சமயத்தில் வாங்கும் நரம்பணுவும் நன்றாகக் கிளர்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் மக்னீசியம் விலகும், கால்சியம் உள்ளே பாயும்.

எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த இடம் இது. 'இவை இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தன' என்பதை ஒரே ஒரு மூலக்கூறு கண்டுகொள்கிறது. ஒன்றாகக் கிளரும் நரம்பணுக்களின் இணைப்பு வலுப்படும் என்று டொனால்ட் ஹெப் 1949ல் ஊகித்து எழுதினார். அந்த ஊகத்தின் உடல் வடிவம்தான் இந்த ஏற்பி.

கால்சியம் நுழைந்ததும் காம்கினேஸ்-2 என்ற நொதி விழித்துக்கொள்ளும். கூடுதல் ஆம்பா ஏற்பிகள் அந்த இடத்துக்கு வந்து சேரும். சினாப்ஸ் அமர்ந்திருக்கும் முள் போன்ற சின்ன மொட்டு பருக்கும். அடுத்த தடவை அதே அளவு குளூட்டமேட்டுக்கு இன்னும் பெரிய பதில் கிடைக்கும். முயலின் ஹிப்போகாம்பஸில் சில நொடி மின்தூண்டல் கொடுத்தால் இந்த வலு மணிக்கணக்கில் நீடிக்கிறது என்று டிம் பிளிஸ், டெரியே லோமோ இருவரும் 1973ல் வெளியிட்டார்கள்.

இரவுப்பணித் தாதி
தம்பி சொன்னது வார்டில் நான் பார்ப்பதோடு ஒத்துப்போகிறது. தலையில் அடிபட்டு வருபவர்களுக்கு அடிபட்ட நேரம் மட்டுமல்ல, அதற்கு முந்திய சில நிமிடங்களும் போய்விடும். பல வருடங்களுக்கு முந்தியவை போகாது. புது நினைவு இன்னும் காயாத ஈரத்தில் இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றும்.

ஈசூன் தங்கச்சி, அண்ணனிடம் பேசுவதற்கு முன் ஒன்று. அம்மாவிடம் "காலையில என்ன சாப்பிட்டீங்க, சொல்லுங்க பார்ப்போம்" என்று பரீட்சை வைப்பதை வீட்டில் எல்லாரும் நிறுத்துங்கள். பதில் தெரியாத ஒவ்வொரு முறையும் அவருக்கு அவமானம்தான் மிஞ்சும்.

பூன்லே பொறியாளர்
படித்தேன், ஆனால் ஒரு இடத்தில் முட்டுகிறது. ஏற்பிகளும் புரதங்கள், நொதியும் புரதம். உடலில் பெரும்பாலான புரதங்கள் நிரந்தரம் இல்லை. சில மணி நேரத்திலிருந்து சில வாரங்களுக்குள் உடைந்து புதிதாக மாற்றப்படுகின்றன. நான் மின்னணுச் சேமிப்புத் துறையில் வேலை பார்ப்பவன். சேமிக்கும் பொருளே வாராவாரம் மாறினால் தரவு எப்படி அறுபது வருடம் நிற்கும்? இதற்குப் பதில் இல்லாமல் "சினாப்ஸ் வலுப்படுகிறது" என்பது பாதிக் கதைதான்.

கென்ட்ரிட்ஜ் மாணவன்
சரியான கேள்வி அண்ணே. இரண்டு படியாகச் சொல்கிறேன்.

முதல் படி. மேலே நான் சொன்ன வலு, இருக்கும் பொருளை நகர்த்தி வைப்பதால் வருவது. அது சில மணி நேரத்தில் கரைந்துவிடும். நாள்கணக்கில் நிற்க வேண்டுமென்றால் புதுப் புரதம் தயாராக வேண்டும். 1960களிலேயே தங்கமீனுக்கும் எலிக்கும் புரத உற்பத்தியைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். கற்றுக்கொள்வது பழுதில்லாமல் நடக்கும், ஆனால் அது நீண்ட நாள் நினைவாக மாறாது. எரிக் கேண்டல் கடல்நத்தையை வைத்து இதன் உள்வேலையைப் பிரித்துக் காட்டினார். திரும்பத் திரும்ப வரும் தூண்டல் உட்கருவரை எட்டி, கிரெப் என்ற புரதத்தின் வழியாக மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. பிறகு புதிய இணைப்புகளே முளைக்கின்றன. 2000ல் அவருக்கு நோபல் கிடைத்தது.

இங்கே ஒரு சிக்கல். ஒரு நரம்பணுவில் ஆயிரக்கணக்கான சினாப்ஸ்கள். புரதத்துக்கான உத்தரவு பிறப்பது ஒரே உட்கருவில். வலுப்பட வேண்டிய சினாப்ஸுக்கு மட்டும் அது எப்படிப் போய்ச் சேருகிறது? 1997ல் ஃபிரே, மாரிஸ் இருவரும் விடை சொன்னார்கள். தூண்டப்பட்ட சினாப்ஸ் தற்காலிகமாக ஓர் அடையாளத்தை வைத்துக்கொள்கிறது. புரதம் எல்லாப் பக்கமும் போகிறது, அடையாளம் உள்ள இடம் மட்டும் பிடித்துக்கொள்கிறது. வீவக அடுக்குமாடி புளோக் முழுக்க ஒருவர் பொருள் கொண்டுவருகிறார், கதவில் குறி போட்ட வீடு மட்டும் வாங்கிக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் வியப்பு என்னவென்றால், லேசாகத் தூண்டப்பட்ட சினாப்ஸுக்கும் அந்தக் குறி உண்டு. பக்கத்தில் வேறொரு சினாப்ஸ் பலமாகத் தூண்டப்பட்டு அதற்காகத் தயாரான புரதத்தை இதுவும் எடுத்துக்கொள்ளும். தானாக மறைந்திருக்க வேண்டிய வலு நிலைத்துவிடும்.

இந்த ஆய்வு நம் ஊரிலும் நடக்கிறது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் சஜிகுமார் ஸ்ரீதரன் குழு பல ஆண்டாகச் செய்வது இதைத்தான். எலி ஹிப்போகாம்பஸின் மெல்லிய சீவலை உயிரோடு வைத்து, இரண்டு பாதைகளில் தனித்தனியே மின்தூண்டல் கொடுத்து, மணிக்கணக்கில் பதிவு எடுக்கும் வேலை. சீவலை நனைக்கும் திரவத்தின் சூடு கொஞ்சம் பிசகினாலும் அன்றைய பதிவு வீண்.

உட்லண்ட்ஸ் ஆசிரியர்
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். தொடக்கப்பள்ளி ஆறாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். வெள்ளிக்கிழமை சொல்வதெழுதுதலுக்கு வியாழன் இரவு முழுவதும் படித்து முழு மதிப்பெண் வாங்குகிற பிள்ளை, திங்கட்கிழமை அதே சொல்லைத் தப்பாக எழுதுகிறது. பெற்றோர் என்னிடம் வந்து கவனக்குறைவு என்கிறார்கள். தம்பி சொல்வதைப் பார்த்தால் இது கவனக்குறைவே இல்லை போலிருக்கிறதே?

கென்ட்ரிட்ஜ் மாணவன்
இல்லை ஆசிரியரே. கடல்நத்தை, பழ ஈ, எலி எல்லாவற்றிலும் ஒரே முடிவுதான்: ஒரே மூச்சில் கொடுத்த பயிற்சியைவிட இடைவெளி விட்டுக் கொடுத்த பயிற்சிதான் நீண்டகால நினைவைத் தருகிறது. மொத்த நேரம் ஒன்றாக இருந்தாலும்கூட. உட்கருவரை செய்தி போய், புரதம் தயாராகி, சினாப்ஸுக்கு வர நேரம் பிடிக்கிறது. அந்த நேரத்தைக் கொடுக்காமல் மறுபடி மறுபடி தட்டினால் உயிரணுவுக்குப் பயனில்லை.

தூக்கமும் இதில் சேரும். 1994ல் வில்சன், மெக்நாட்டன் இருவரும் எலிகள் தூங்கும்போது பதிவு எடுத்தார்கள். பகலில் ஓர் இடத்தைச் சுற்றும்போது சேர்ந்து கிளர்ந்த ஹிப்போகாம்பஸ் உயிரணுக்கள் தூக்கத்திலும் சேர்ந்தே கிளர்ந்தன. பகல் பாடம் இரவில் மறுபடி ஓடுகிறது, புறணிக்குக் கை மாறுகிறது. துணைப்பாட வகுப்பு முடித்து நடுநிசிவரை விழித்திருக்கும் பிள்ளையிடமிருந்து நாம் பறிப்பது இந்த வேலையைத்தான்.

இன்னொன்று உங்களுக்குப் பிடிக்கும். அர்ஜென்டினாவில் பலாரினி, வியோலா குழு பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு கதையைச் சொன்னது. சிலருக்கு மட்டும் அதற்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ, கதைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு புதுமையான வகுப்பு. மறுநாள் அவர்கள்தான் கதையை அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். நான்கு மணி நேரம் தள்ளி நடந்த புது வகுப்பால் பயன் இல்லை. 2013ல் வெளியானது. புதிய அனுபவம் தூண்டிய புரதத்தைக் கதையின் சினாப்ஸ்கள் பிடித்துக்கொண்டன என்பது அவர்கள் விளக்கம்.

உட்லண்ட்ஸ் ஆசிரியர்
இதை அடுத்த பெற்றோர் சந்திப்பில் சொல்லத்தான் போகிறேன். சொல் பட்டியலை வியாழக்கிழமை கொடுப்பதை நிறுத்திவிட்டு, முந்தைய திங்களிலிருந்து நாளுக்குச் சில சொல்லாகப் பிரிக்கிறேன். பழைய சொற்களும் இடையில் திரும்பி வரட்டும்.

பூன்லே பொறியாளர்
நல்லது. ஆனால் என் கேள்வியின் இரண்டாவது படி பாக்கி இருக்கிறது. புதுப் புரதம் வந்தது, சரி. அந்தப் புதுப் புரதமும் அடுத்த வாரம் அழியுமே?

கென்ட்ரிட்ஜ் மாணவன்
மறக்கவில்லை அண்ணே. இதே கேள்வியை 1984ல் பிரான்சிஸ் கிரிக் கேட்டார், டிஎன்ஏ வடிவத்தைக் கண்டவர்களில் ஒருவரான அதே கிரிக். அவர் யோசனை: ஒரு மூலக்கூறு பல துண்டுகள் சேர்ந்ததாக இருக்கட்டும். எல்லாத் துண்டிலும் ஒரு குறி. ஒரு துண்டு அழிந்து, குறியில்லாத புதுத் துண்டு வந்தால், பக்கத்தில் உள்ளவை அதற்கும் குறி போட்டுவிடும். ஆள் மாறினாலும் குறி மாறாது. மேலே சொன்ன காம்கினேஸ்-2 ஏறக்குறைய அப்படிப்பட்டது. பெரும்பாலும் பன்னிரண்டு துண்டு, ஆறு ஆறாக இரண்டு வளையம்; பக்கத்துத் துண்டுக்குப் பாஸ்பேட் குறி போடும். ஆனால் வருடக்கணக்கில் நினைவைக் காப்பது அதுதானா என்பதில் ஆய்வாளர்களிடையே கடும் வாதம் உண்டு.

இன்னொரு வேட்பாளர் பிகேஎம்-சீட்டா என்ற நொதி. 2006ல் டாட் சாக்டர், ஆன்ட்ரே ஃபென்டன் குழு எலி ஹிப்போகாம்பஸில் அதைத் தடுக்கும் மருந்தைச் செலுத்தியபோது ஏற்கெனவே பதிந்த நினைவு போயிற்று. துறையே பரபரத்தது. 2013ல் அடி விழுந்தது: அந்த மரபணுவே இல்லாத எலிகளும் நன்றாக நினைவு வைத்திருந்தன, அதே மருந்து அவற்றின் நினைவையும் அழித்தது. இல்லாத புரதத்தை மருந்து எப்படித் தடுக்கும்? 2024ல் அதே குழு திரும்பி வந்தது. கிப்ரா என்ற மற்றொரு புரதம் தூண்டப்பட்ட சினாப்ஸில் நிற்கிறது, பிகேஎம்-சீட்டாவை அங்கேயே பிடித்துவைக்கிறது, இந்தப் பிணைப்பை அறுத்தால் ஒரு மாதப் பழைய நினைவும் போகிறது என்று காட்டினார்கள். தனித்தனி மூலக்கூறு மாறிக்கொண்டே இருந்தாலும் ஜோடி தொடர்கிறது என்பது அவர்கள் வாதம்.

என் கருத்தைக் கேட்டால், நினைவு ஒரு பொருளாக இருக்கிறது என்ற எண்ணத்தையே விட வேண்டும். அது ஓயாமல் நடக்கும் பராமரிப்பு. பராமரிப்பு நின்றால் நினைவும் நிற்கும்.

ஈசூன்மகள்
இவ்வளவு பொறுமையாக எழுதுகிறீர்கள், எல்லாருக்கும் நன்றி. இன்னொன்று கேட்கலாமா? இப்போது ஈசூன் தொழிற்பேட்டையில் இருக்கும் ஹோலி ட்ரீ முருகன் கோயில் அன்று கான்பரா சாலைப் பக்கம் இருந்தது. அங்கே பங்குனி உத்திரத்துக்குத் தாத்தா காவடி எடுத்ததாக அம்மா சொல்வார். சட்டையில்லாமல் நெற்றி நிறைய விபூதியோடு நின்றாராம். ஆனால் சின்னம்மா, காவடி எடுத்தது பெரிய மாமா, தாத்தா பால்குடம்தான் என்கிறார். புகைப்படத்திலும் மாமாதான் இருக்கிறார். அப்படியென்றால் பழைய நினைவும் கெட்டுவிட்டதா?

பழைய கடற்படைத்தளவாசி
நானும் அந்தக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன்தான் அம்மா. எங்கள் வீட்டிலும் இதே கதை. அண்ணன் தம்பிகள் உட்கார்ந்து பேசினால் ஒரே திருவிழா ஆளுக்கொரு மாதிரி வரும். யாருக்கும் நோய் இல்லை.

கென்ட்ரிட்ஜ் மாணவன்
ஐயா சொல்வது மிகச் சரி. 2000ல் கரீம் நாதர், லெடூ குழு செய்த சோதனையைப் பாருங்கள். ஒரு சத்தத்துக்குப் பிறகு அதிர்ச்சி வரும் என்று எலி கற்றது, நினைவு ஊன்றிவிட்டது. பிறகு சத்தத்தை மட்டும் கேட்க வைத்து, உடனே பயத்தோடு தொடர்புள்ள அமிக்டலா என்ற மூளைப் பகுதியில் புரத உற்பத்தியைத் தடுத்தார்கள். அடுத்த நாள் அந்தப் பயம் பெரிதும் குறைந்திருந்தது. சத்தம் கேட்காத எலிகளுக்கு அதே மருந்து ஒன்றும் செய்யவில்லை. அதாவது எடுத்துப் பார்க்கும் நினைவு நெகிழ்ந்து, மறுபடி புரதத்தால் கட்டப்படுகிறது. அந்த நேரத்தில் புதுச் சரக்கு கலக்க இடமிருக்கிறது. அம்மா தாத்தாவை நினைத்து ஆசையாகச் சொல்லிச் சொல்லி வந்த கதை அது. அடிக்கடி சொல்லப்படுவது அடிக்கடி திறக்கப்படுவதும்தான்.

பூன்லே பொறியாளர்
நேற்று இரவு உட்கார்ந்து படித்ததில் என்னை உலுக்கியது ஒன்று. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்து டோனெகாவா ஆய்வகம், 2012. எலி பயந்தபோது கிளர்ந்த ஹிப்போகாம்பஸ் உயிரணுக்களில் மட்டும், பாசியிலிருந்து எடுத்த ஒளியுணர் புரதம் உருவாகும்படி செய்திருக்கிறார்கள். எந்த நேரத்து உயிரணு அடையாளப்பட வேண்டும் என்பதை எலித் தீனியில் டாக்ஸிசைக்கிளின் மருந்தைச் சேர்த்தும் நிறுத்தியும் கட்டுப்படுத்துகிறார்கள். பிறகு ஆபத்தே இல்லாத வேறு பெட்டியில் நீல ஒளி பாய்ச்சினால் எலி உறைந்து நிற்கிறது.

2015 ஆய்வு இன்னும் ஒரு படி மேல். பயம் கற்றவுடன் புரதத் தடுப்பு மருந்து. சினாப்ஸ் வலுப்படவில்லை, முட்கள் பெருகவில்லை, பயமும் மறுநாள் இல்லை. ஆனாலும் அந்த உயிரணுக்களை ஒளியால் எழுப்பினால் பயம் திரும்புகிறது! அப்படியானால் சினாப்ஸின் வலு நினைவின் இருப்பிடம் அல்ல, அதை எடுக்கும் வழிதானே? எந்த உயிரணு எதனோடு இணைந்திருக்கிறது என்ற அமைப்பில்தான் நினைவு இருக்கிறது என்பது என் முடிவு.

கென்ட்ரிட்ஜ் மாணவன்
அந்தக் குழுவும் அப்படித்தான் வாதிடுகிறது. நான் பாதிதான் ஒப்புக்கொள்வேன். இணைப்பு அமைப்பு முக்கியம். ஆனால் ஒளியால் எழுப்புவது ஆராய்ச்சியாளரின் கை. எலி தானாக நினைவுகூர, வலுவான சினாப்ஸ் இல்லாமல் முடியவில்லையே. எடுக்க வழியில்லாத ஒன்றை நினைவு என்று நான் சொல்லத் தயங்குவேன்.

ஈசூன்மகள்
அப்படியானால் அம்மாவின் அப்பம் எங்காவது இருக்கிறதா, இல்லவே இல்லையா?

கென்ட்ரிட்ஜ் மாணவன்
எலியில் மட்டும் ஒரு விடை உண்டு அக்கா. 2016ல் அதே ஆய்வகம், ஆல்சைமர் நோய் போன்றது வரும்படி மரபணு மாற்றிய எலிகளில், நோயின் தொடக்க நிலையில், தானாக வராத நினைவை ஒளியால் வரவழைத்தது. அந்த இணைப்புகளைத் திரும்பத் திரும்ப வலுப்படுத்தியபோது குறைந்திருந்த முட்கள் கூடின, எலி தானே நினைவுகூர்ந்தது. தொடக்க நிலையில் பதிவு ஓரளவு நடக்கிறது, எடுக்கும் வழிதான் அடைபடுகிறது என்று அது காட்டுகிறது. ஆனால் மரபணு மாற்றி, மூளைக்குள் ஒளியிழை செருகிச் செய்யும் வேலை அது. மனிதருக்கான சிகிச்சை அல்ல. யாராவது அப்படி விற்றால் வாங்காதீர்கள்.

இரவுப்பணித் தாதி
தங்கச்சி, ஹென்றி மொலைசன் கதையில் தம்பி சொல்லாமல் விட்டது ஒன்று. கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரைய மில்னர் அவருக்குப் பயிற்சி கொடுத்தார். முன்பு செய்த நினைவே அவருக்கு இல்லை, ஆனால் கை நாளுக்கு நாள் தேறியது. கைப்பழக்கம் ஹிப்போகாம்பஸை நம்பியிருப்பதில்லை. அதனால் அம்மா இடியாப்பம் பிழிந்தால் பிழியட்டும், அடுப்புப் பக்கம் மட்டும் யாராவது கூட நில்லுங்கள்.

நிபுணரைப் பார்க்கப் போகும்போது அம்மா சாப்பிடும் மருந்து எல்லாவற்றையும், கடையில் வாங்கிய தூக்க மாத்திரை, சளி மாத்திரை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். சில மருந்துகளே மறதியைத் தரும். பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு இவையும் இதே மாதிரி தோற்றம் காட்டும், இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. இரத்தப் பரிசோதனை செய்தாயிற்றா என்று கேளுங்கள். முடிந்தால் அண்ணனையும் கூடவே அழைத்துப் போங்கள். மருத்துவர் சொல்வதை அவர் நேரில் கேட்கட்டும்.